இராயபுரத்து மருத்துவப் பணியும் ஒப்பந்த முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏழைகளின் நோய் தீர்க்கும் பணியை அரசு தானே செய்ய வேண்டுமா, அன்றிப் பிறரிடம் ஒப்படைத்து அதற்குரிய பொருளை மட்டும் அளித்தால் போதுமா என்னும் வினா அண்மைக்காலத்தில் மீண்டும் எழுப்பப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தல், அவசர ஊர்திகளைத் தனி அமைப்பின் பொறுப்பில் விடுதல், செவிலியரைத் தொகுப்பூதியத்தில் அமர்த்துதல் ஆகிய இவை யாவும் புதிய நிர்வாக முறைகள் என்றே பேசப்படுகின்றன. ஆயினும் வடசென்னையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போருக்கு இவற்றில் புதுமை குறைவு என்பது விளங்கும். இம்முறை இரண்டு நூற்றாண்டுகளாகப் பல உருவில் இங்கே கையாளப்பட்டு வந்துள்ளது. அதன் பயனையும் குறையையும் நம் திருச்சபையின் மருத்துவப் பணியோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராயபுரம் கடலை நம்பி வாழும் ஊர். இராயப்பர் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பேதுருவின் பெயரால் அமைந்த ஆலயத்தை இவ்வூர்ப் படகுத் தொழிலாளரே எழுப்பினர்; ஊரின் பெயரும் அப்பெயரிலிருந்து வந்ததென்பர். 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இங்கிருந்தே வாலாஜா ரோட்டிற்குப் புறப்பட்டது. துறைமுகம், இரயில், ஆலைகள் ஆகியவை நகரத்திற்குச் செல்வத்தைக் கொணர்ந்தன. மூட்டை சுமந்தோரும் வலை இழுத்தோரும் நெருக்கமான தெருக்களில் காலராவோடும் காய்ச்சலோடும் வாழ்ந்தனர். ஆகவே மருத்துவ உதவி என்பது இங்குத் தொடக்கத்திலிருந்தே உயிர்நாடியான பிரச்சினையாயிற்று.

அதன் தொடக்கம் ஒரு சத்திரத்தில். ஐதர் அலியின் படையெடுப்பை அடுத்து வந்த பஞ்சத்தின்போது, 1782இல், பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கும் இடமாக மணியக்காரர் சத்திரம் தோன்றியது. 'மணியக்காரர்' என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் 'மோனிகர்' எனத் திரிந்து, அதுவே ஏடுகளில் நிலைத்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் உள்நாட்டவர்க்கென மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அப்பணி இச்சத்திரத்தோடு இணைந்து வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அரசின் உதவித்தொகை பெறும் நிலையமாயிற்று. மக்களோ அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். இன்று பேரளவில் விளங்கும் ஸ்டான்லி மருத்துவமனையைக்கூட முதியோர் சிலர் அப்பெயராலேயே குறிப்பிடக் கேட்டிருக்கிறோம். 1880இல் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் பிரசவ மருத்துவமனையும் எழுந்தது. ஆகவே கொடையாளரின் பொருள், அரசின் உதவி, மருத்துவரின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட ஏற்பாடே இப்பகுதியின் பழைமையான மருத்துவ முறை எனலாம். அரசு தனித்து நின்று எதையும் தொடங்கிற்றில்லை.

திருச்சபையின் பங்கு இதனை அடுத்து வருகிறது. ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த டாக்டர் மட்டில்டா மக்ஃபெயில் 1888இல் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல விரும்பாத பெண்களும், செல்ல அனுமதிக்கப்படாத பெண்களும் அந்நாளில் மிகுதி. சிறிய மருந்தகமாகத் தொடங்கிய அவருடைய பணி வளர்ந்து, 1914இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாக உருப்பெற்றது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் அமைந்த பின்னர் அது அச்சபையின் மருத்துவமனையாகத் தொடர்ந்து, இன்றும் இராயபுரத்தார்க்குப் பணியாற்றி வருகிறது. கிறிஸ்டினா ரெய்னி என்பவர் மருத்துவர் அல்லர். பெண்களின் அருட்பணிக்காகத் தாய்நாட்டில் உழைத்த அம்மையார். மருத்துவமனைகள் கட்டியவர் பெயரால் விளங்காமல் பணம் திரட்டியவர் பெயரால் விளங்குவது புதிதன்று. நாம் குறைகூற வரவில்லை. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இங்குப் பொருள் கொடுத்தோர் ஒரு கண்டத்திலும், பணி செய்தோர் மற்றொரு கண்டத்திலும் இருந்தனர். இருவரையும் பிணைத்தவை மாதந்தோறும் சென்ற கடிதங்களும் ஆண்டறிக்கைகளுமே. பொருள் தருவோர் தாம் தந்ததன் பயனைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தனர்.

ஈண்டு லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய சமாரியனின் கதையை நினைவுகூர்தல் தகும். அக்கதையின் இறுதிப் பகுதி நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன், மறுநாள் தன் வழியே போகவேண்டியவனாயிருந்தான். ஆகவே பராமரிக்கும் பணியைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான். முன்பணமாக இரண்டு பணம் கொடுத்தான். அதற்கு மேல் செலவானால் தான் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவும் வாக்களித்தான். இது முறையான ஒப்பந்தமே: பணி ஒருவனுடையது, பொருள் மற்றொருவனுடையது. ஆனால் அதில் இரண்டு கூறுகள் உள்ளன. செலவுக்கு வரம்பு கட்டப்படவில்லை; மிகுந்தது எவ்வளவாயினும் ஒப்படைத்தவன் தலைமேலேயே விழுகிறது. ஒப்படைத்தவன் திரும்பி வருவதாகவும் சொல்லிச் செல்கிறான். நம் தமிழ் வேதாகமத்தில் 'உடன்படிக்கை' என்னும் சொல் பெற்றுள்ள பொருளையும், வழக்குமன்றத்தில் 'ஒப்பந்தம்' என்னும் சொல் பெற்றுள்ள பொருளையும் பிரித்தறிய விரும்புவோர் இவ்விரு கூறுகளையும் எண்ணிப் பார்க்கலாம். இனி நாம் காணப்போகும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் இவற்றைக் கொண்டே அளக்க முற்படுவோம்.

அரசு தானாக முன்வந்து மருத்துவப் பணியை ஒப்பந்தத்தின்மேல் நாட்டுப்புறமெங்கும் பரப்ப முயன்றது 1924ஆம் ஆண்டளவில். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்திருந்தன. நீதிக் கட்சியின் முதலமைச்சரான பனகல் அரசர் உள்ளாட்சித் துறையையும் தாமே வகித்தார். கிராமத்தில் மருத்துவர் இல்லை. நகரத்திலோ படித்து முடித்த மருத்துவர் பெருகிவந்தனர். இவ்விரு நிலையையும் ஒருசேரத் தீர்க்க எண்ணி, மானியம் பெறும் கிராம மருத்துவர் திட்டம் வகுக்கப்பட்டது. தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் கிராமத்தில் குடியேற வேண்டும். அவருக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் கிடைக்கும். மருந்துக்கும் தொகை உண்டு. வறியோர்க்கு அவர் இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும். வசதியுள்ளோரிடம் கட்டணம் பெற்றுக்கொள்ளலாம். மேற்பார்வை உள்ளாட்சி மன்றத்தினுடையது.

இத்திட்டத்தின் கைகள் எங்கே உருவாயின என்றால், பெரும்பங்கு இராயபுரத்தில்தான். இங்கிருந்த மருத்துவப் பள்ளி முதலில் ஆஸ்பத்திரி உதவியாளரைப் பயிற்றுவித்தது. 1911 முதல் எல்.எம்.பி. எனப்பட்ட உரிமம் பெற்ற மருத்துவர் இப்பள்ளியிலிருந்து வெளிவரலாயினர். பட்டம் பெற்ற மருத்துவரினும் குறைந்த காலப் படிப்பும் குறைந்த மதிப்பும் உடையவர்கள் இவர்கள். கிராமத்துக்குப் போக இசைந்தவர்களும் இவர்களே. பட்டதாரிகளுள் பலர் அவர்களை ஏளனமாக நோக்கினர் என்பது மறைக்கக்கூடியதன்று. 1934இல் அப்பள்ளி அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. உயர்வு நல்லதே. ஆயினும் கிராமத்துக்குப் போகும் மருத்துவரை உருவாக்கிய பள்ளி அன்றோடு மறைந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கெனத் தொடங்கிய பள்ளியும் 1940களில் இதே காரணத்தால் பட்டப்படிப்புக்கு மாற நேர்ந்தது.

அரசின் மானியம் அலோபதி மருத்துவத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகம்மது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923இல் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைக் குறித்து அறிக்கை தந்தது. அதனையடுத்து 1925இல் கேப்டன் சீனிவாசமூர்த்தியை முதல்வராகக் கொண்டு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் திறக்கப்பட்டது. மருத்துவர் எம்முறையினராயினும் கிராமத்தில் இருக்கட்டும் என்பது அன்றைய அமைச்சரவையின் எண்ணம். அது மெச்சத்தக்கது.

அத்திட்டம் ஏன் நிலைக்கவில்லை? மருத்துவரின் சோம்பல் என்று கூறிவிடுவது எளிது. இவ்விடத்தில் ஸ்காட்லாந்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். டாக்டர் மக்ஃபெயிலை இங்கு அனுப்பிய அந்நாட்டின் வடக்கே மலைகளும் தீவுகளும் நிறைந்த ஏழ்மையான பகுதி உண்டு. 1911இல் பிரிட்டனில் தொழிலாளர் காப்புறுதிச் சட்டம் வந்தபோது அங்குள்ள சிறு குடியானவர்கள் கூலி பெறும் தொழிலாளர் அல்லராகையால் அதன் பயனைப் பெறவில்லை. 1912இல் டூவர் என்பவரின் தலைமையிலான குழு அவர்களின் நிலையை ஆராய்ந்தது. மறு ஆண்டில் நாடாளுமன்றம் ஆண்டுக்கு 42,000 பவுன் மானியத்தை ஒதுக்கியது. மருத்துவர்கள் அங்கும் தனித்தொழில் செய்வோரே. ஆனால் அரசு அவர்களுக்குப் போதிய வருமானத்தை உறுதி செய்தது, படகிலும் குதிரையிலும் செல்லும் பயணச் செலவை ஏற்றது, வீடு கட்ட உதவியது, செவிலியரையும் அமர்த்தியது. நோயாளி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அவர் செலுத்த வேண்டிய கட்டணம் சிறியது, ஒரே அளவினது. 1948இல் பிரிட்டன் முழுவதற்கும் தேசிய நலப்பணி ஏற்பட்டபோது முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

சென்னை மாகாணத்திலும் மருத்துவர், மானியம், கட்டணம் என்னும் அதே உறுப்புகளே இருந்தன. பொருளின் சுமை மட்டும் இடம் மாறியது. இங்குத் தரப்பட்ட மானியம் மருத்துவர் குடும்பம் நடத்தப் போதுமானதன்று. மீதியை அவர் தனித்தொழிலால் ஈட்டிக்கொள்ள வேண்டும். யாரிடம்? பஞ்சத்திலும் கடனிலும் வாழும் குடியானவனிடம். ஆகவே கட்டணம் தரக்கூடிய ஒரு சிலர் இருக்கும் பெரிய கிராமமே மருத்துவரைத் தக்கவைத்தது. ஒரு சிலரும் இல்லாத சேரிக்கு இலவசச் சிகிச்சை ஏட்டில் இருந்தது. ஸ்காட்லாந்தில் மிகுந்த செலவு ஒப்படைத்தவனைச் சேர்ந்தது. இங்கே அது சத்திரக்காரனையும் காயப்பட்டவனையும் சேர்ந்தது. குறை திட்டத்தின் கணக்கிலேயே இருந்தது என்பது நம் கருத்து.

1943இல் அமைந்து 1946இல் அறிக்கை தந்த போர் குழு இவ்வழியை விட்டு விலகியது. சர் ஜோசப் போரின் தலைமையிலான அக்குழுவில் நம் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். பணம் செலுத்த இயலாமை காரணமாக ஒருவரும் சிகிச்சை இழக்கலாகாது என்பது அதன் அடிப்படை. முழுநேர ஊதியம் பெறும் மருத்துவர், தனித்தொழிலுக்குத் தடை, 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப நிலையம் எனத் தொடக்கத்தை வகுத்தது. 1952க்குப் பிறகு சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. அரசே சமாரியனும் சத்திரக்காரனும் ஆயிற்று.

நிற்க. இக்காலத்தில் நம் திருச்சபை என் செய்தது? உண்மையை ஒளிப்பதால் பயனில்லை. நம் மருத்துவமனைகள் கட்டிடங்களிலும் படுக்கைகளிலும் வளர்ந்தன. வெளிநாட்டு உதவி குறையக் குறையக் கட்டணம் செலுத்துவோரை நாடின. இந்நிலை உலகெங்கும் இருந்தது. அதை ஆராய 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டம், சுகம் தருதல் மருத்துவமனையின் தொழில் மட்டுமன்று, சபை முழுவதன் ஊழியம் என்று அறிவித்தது. அதன் வழியாக 1968இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை நிறுவியது. சபைகளின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி மருத்துவமனைச் சிகிச்சைக்கே போகிறது, நோய் வராமல் காக்கும் பணிக்கு மிகச் சிறிதே மிஞ்சுகிறது என்பதை அவ்வாணையம் எடுத்துக்காட்டிற்று. வேலூரில் பயின்ற ஆரோலே தம்பதியர் 1970இல் மராட்டிய மாநிலத்து ஜாம்கெட்டில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்றத் தொடங்கினர். உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய முயற்சிகளைக் கூர்ந்து கவனித்தது. 1978 செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரப் பணியை அனைவர்க்கும் உரிமையாக அறிவித்ததில் இம்முயற்சிகளுக்கும் பங்குண்டு.

அதே காலத்தில் சென்னையிலேயே குறிப்பிடத்தக்க முயற்சி ஒன்று நடைபெற்றது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். என்னும் தன்னார்வ நலப்பணி அமைப்பு, அடையாற்றில் மருத்துவமனை நடத்தியதோடு, செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை ஏற்படுத்தியது. ஒரு மையத்தின் பொறுப்பு ஏறத்தாழ 5,000 மக்கள். பகுதிநேர மருத்துவர், ஆண் பணியாளர் ஒருவர், பெண் பணியாளர் ஒருவர், ஊரிலேயே பயிற்சி பெற்ற முதலுதவியாளர் சிலர். குடும்பந்தோறும் பதிவேடு உண்டு. குடும்பங்கள் வசதிக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தின. 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு இம்முறையை ஏற்றது. செலவில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு மாநில அரசு, ஒரு பங்கு தொண்டு நிறுவனம் என வகுக்கப்பட்டது. சபைகள் சிலவும் இதில் பங்கு கொண்டன.

1924ஆம் ஆண்டுத் திட்டத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. அன்று அரசு மானியம் கொடுத்தது மருத்துவர் ஒருவர் கிராமத்தில் இருப்பதற்கு. இப்போது கொடுத்தது பெயர் எழுதப்பட்ட இத்தனை குடும்பங்களின் நலத்திற்கு. கருவுற்ற தாய் யார், தடுப்பூசி போடாத குழந்தை எது, இருமும் முதியவர் எவர் என்பதைப் பணியாளர் ஏட்டைப் புரட்டியே சொல்லலாம். எண்ணப்பட்டவர் மறக்கப்படுவதில்லை என்பதை நாம் அறிந்தது இத்தகைய மையம் ஒன்றில்தான்.

இளம் ஆயராக நாம் பணியாற்றிய கிராமக் குருசேகரம் ஒன்றில் அம்முறையைத் தழுவி நடந்த மருந்தகம் ஒன்று இருந்தது. நாம் அங்குச் சென்ற காலத்தில் அதன் கடைசி நாட்கள். உதவித்தொகை ஆண்டுக்கணக்கில் பிந்தி வந்தது. வந்தபோதும் முன்னொரு காலத்து விலைவாசிக்கேற்ற தொகையே வந்தது. சபையின் பங்கைக் காணிக்கையிலிருந்து கொடுத்துப் பார்த்தோம். பிறகு கொடுக்க இயலவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் மூடுவது என்று தீர்மானித்தோம். அத்தீர்மானத்திற்கு நாமும் கை உயர்த்தினோம். செவிலியம்மாள் ஒருவர், சம்பளம் நின்ற பின்னும் எட்டு மாதம் அந்தப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். கேட்டபோது, "பேர் எழுதியாச்சே ஐயா" என்றார். அந்த விடைக்கு நாம் மறுமொழி கூறவில்லை.

ஒப்பந்த முறை தன்னளவில் தீயது என்று கூற நாம் முற்படவில்லை. கர்நாடகத்தில் டாக்டர் சுதர்சனின் கருணா டிரஸ்ட் 1996இல் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை அரசிடமிருந்து ஏற்று நடத்தத் தொடங்கியது. ஊழியர் செலவின் பெரும்பகுதி அரசினுடையது. மலைவாழ் மக்களிடையே முன்னரே வேரூன்றியிருந்த பணியாளர்கள் அதனை நடத்தியதால் மருத்துவர் இல்லாத நிலையம் மருத்துவர் உள்ள நிலையமாயிற்று. கம்போடியாவில் 1999 முதல் சில மாவட்டங்களின் சுகாதாரப் பணி தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, பிற மாவட்டங்களோடு ஒப்பிடப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் தடுப்பூசியும் தாய்சேய் நலமும் விரைவில் முன்னேறின. எத்தனை குழந்தைகள், எத்தனை தாய்மார் பயன்பெற வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, வீடுகளில் நேரே கணக்கெடுத்துச் சரிபார்க்கப்பட்டதை இதற்கு ஒரு காரணமாகக் கருதுகிறோம். ஒப்படைத்தவன் திரும்பி வந்து பார்த்தான்.

இராயபுரத்துக்கு மீள்வோம். சென்னையின் குடிசைப் பகுதிகளுக்கென உலக வங்கியின் கடனுதவியோடு 1988இல் தொடங்கிய ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டம் நலவாழ்வு மையங்களைக் கொணர்ந்தது. 2013இல் தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப நிலையம் என்னும் அளவை வகுத்தது. நிலையங்கள் மாநகராட்சியின் பெயரிலேயே உள்ளன. ஆகவே ஒப்பந்தம் இங்கே நிலையத்தைக் கடந்து தனி மனிதரைப் பற்றியது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர் ஆயிரக்கணக்கானோர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடியது பலருக்கு நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் பெண்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். பதிவேடு மீண்டும் வந்திருக்கிறது. அதை ஏந்தி நடப்பவரின் வாழ்வு யார் பதிவேட்டில் உள்ளது என்பது கேட்கத்தக்கதே.

நோய் தடுக்கும் பணியில் மருந்தைக் காட்டிலும் துப்புரவே முந்தியது. இந்தியாவிலேயே முதன்முதலாக இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அக்கடமையை உள்ளாட்சியின்மேல் வைத்தது. மாநகராட்சியின் 5ஆம் மண்டலமாகிய இராயபுரத்திலும் 6ஆம் மண்டலமாகிய திரு.வி.க. நகரிலும் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக உழைத்த தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து ரிப்பன் மாளிகையின் வெளியே அமர்ந்தனர். உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து 13ஆம் தேதி இரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் சபைகளின் பின்வரிசைகளில் அமர்வோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒன்றே: தங்களை அமர்த்தியவர் யார் என்பதைப் பெயர் சொல்லி ஏற்க வேண்டும். வேலை ஒருவருடையது, பொறுப்பு வேறொருவருடையது, பொருள் மூன்றாமவருடையது என்று பிரிந்துபோகும்போது, நோயுற்ற ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இவ்வினாவை அரசிடம் மட்டும் கேட்பது நமக்கு எளிது. நம் மருத்துவமனைகளிலும் காவலரும் துப்புரவாளரும் ஒப்பந்தக்காரர் வழியாக வருவது பெருகியுள்ளது. அவர்கள் நோயுற்றால் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை மருத்துவக் கமிட்டிகளில் இடம்பெறும் ஆயர்கள் ஒருமுறையேனும் கேட்டறிதல் நன்று. நாம் கேட்டபோது கிடைத்த விடை மகிழ்ச்சி தருவதாயில்லை.

மேலே கூறிய குருசேகரத்தை விட்டு நாம் மாறுதலாகி வந்தபோது, ஆலயப் பாத்திரங்கள், திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைப் பதிவேடு ஆகியவற்றைப் பட்டியலிட்டு அடுத்த ஆயரிடம் ஒப்படைத்தோம். மருந்தகத்தின் குடும்பப் பதிவேடுகள் பதினொன்று அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. அவை பட்டியலில் சேருமா என்று அவர் கேட்டார். சேர்த்தே எழுதினோம்.